படப்பெட்டியின் படிநிலைகள்: சில சென்னைக் குறிப்புகள்

ஒளிப்படக் கலையில் புதிதாக ஈடுபட விரும்புகிறவர் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதே. தொடக்கநிலைக் கருவி போதுமா, கடன்பட்டாவது தொழில்முறைக் கருவியை வாங்கிவிடுவது நல்லதா? நம்மிடம் தமிழ் படிக்க வரும் மாணவர்களுள் சிலரும் இதைக் கேட்டதுண்டு. கேள்வி எளியதுதான். அதிலுள்ள இரண்டு சொற்கள் மட்டும் அவ்வளவு எளியவையாக நமக்குத் தோன்றவில்லை. தொடக்கநிலை என்றும் தொழில்முறை என்றும் நாம் சொல்வது, 'என்ட்ரி லெவல்', 'புரொஃபஷனல்' என்று நிறுவனங்கள் தம் சரக்கின்மேல் ஒட்டிய சீட்டுகளின் தமிழாக்கமே. சீட்டு ஒட்டப்பட்ட பிறகு கருவியின் தரம் வாங்குபவரின் தரமாகவும் எண்ணப்படத் தொடங்கிவிடுகிறது. சிறிய கேமராவோடு ஓர் ஒளிப்படக் கூட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும்.

யார் எந்தக் கருவியைத் தொடலாம் என்பதைப் படமெடுப்பவரின் தேர்ச்சி தீர்மானித்த காலம் குறைவு. அரசின் கஜானா, இறக்குமதி உரிமம், சுங்கவரி, பின்னாளில் நிறுவனத்தின் மென்பொருள் ஆகியவையே பெரும்பாலும் அதைத் தீர்மானித்து வந்திருக்கின்றன. இவ்வரலாற்றின் கணிசமான பகுதியைச் சென்னையிலிருந்தே சொல்லிவிட முடியும். ராயபுரத்தில் தொடங்கினால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

1856 ஜூன் 28ஆம் நாள் ராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கி ஓடியது. அதே ஆண்டில் அதே நகரத்தில் ஓர் ஒளிப்படச் சங்கமும் உருவாயிற்று. அதன் பின்னணியில் இருந்த அலெக்சாண்டர் ஹண்டர், 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர். இன்று பெரியமேட்டுக்கு அருகே இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அந்தப் பள்ளியின் வழிவந்தது. ரயிலும் ஒளிப்படமும் ஒரே ஆண்டில் ஒரே ஊரில் வேர்விட்டது தற்செயல் என்றே கொள்வோம். ஆயினும் இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ஒரே வட்டத்தினர். படை அதிகாரிகள், மருத்துவர்கள், ஆட்சிப்பணியாளர்கள். ஓய்வு நேரமும் பணமும் உடையவர்கள்.

அன்று தொடக்கநிலைக் கேமரா என ஒன்று இல்லை. தொடங்குகிறவரும் தேர்ந்தவரும் ஒரே விதமான மரப்பெட்டியைத்தான் முக்காலியில் ஏற்றினார்கள். தாளுக்கு மெழுகூட்டுவது, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்ப்பது, இருட்டறையில் படத்தை வெளிக்கொணர்வது எல்லாம் படமெடுப்பவரின் தலையில் விழுந்த வேலைகள். தொழில்முறையாளர் என்ற இனமும் அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. கருவி ஒன்றே ஆனதால் வேறுபாடு முழுவதும் ஆளைச் சார்ந்தே இருந்தது. இது ஏதோ பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. அந்த மரப்பெட்டிக்கு அருகில் செல்லக்கூடியவர்கள் நகரத்தில் சிலரே.

அச்சிலருள் ஒருவர் லினேயஸ் டிரைப். மதராஸ் படையில் அதிகாரியாக இருந்தவர். விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது பொழுதுபோக்காக ஒளிப்படம் கற்று, 1853இல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு படமெடுப்பவராகப் போனார். மறு ஆண்டு மதராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வ ஒளிப்படக் கலைஞராக நியமித்தது. ஓர் ஆர்வலர் அரசுச் சம்பளத்தில் தொழில்முறையாளரான கதை இது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தமிழகத்தின் தென்பகுதிக்குப் புறப்பட்டார். மாட்டுவண்டிகளில் கருவிகளும் மருந்துகளும் சென்றன. உதவியாளராகச் சென்றவருள் ஒருவர் ஹண்டரின் பள்ளியில் பயின்ற ஐயாசாமி. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அந்தப் பயணம் நீண்டது.

அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் எதிர்ப்படம் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். இன்று கையடக்கமாக வாழும் நமக்கு அந்த அளவு திகைப்பூட்டும். உருப்பெருக்கிப் படி எடுக்கும் வழக்கம் அன்று பரவவில்லை. படம் பெரிதாக வேண்டுமானால் கேமராவே பெரிதாக இருந்தாக வேண்டும். ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். மனிதர் நடமாடும் இடத்தில் இது இயலாது. டிரைப்பின் மதுரையும் தஞ்சையும் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு ஒரு காரணம் இதுதான். கோயிலைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். கருவிக்கு அவர்கள் தென்படவில்லை.

ஆனால் அதே கருவி தஞ்சைப் பெரிய கோயிலில் வேறு எதனாலும் இயலாத ஒன்றைச் செய்தது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை டிரைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். எழுத்துகள் தெரிகின்றன. கல்வெட்டுகளை மசிப்படி எடுத்துத் தொகுதிகளாக வெளியிடும் பணி அரசால் முறையாகத் தொடங்கப்படுவதற்கு முந்திய காலம் அது. தமிழ் படித்த நமக்கு அந்தச் சுருளைப்பற்றி அறியும்போது எழும் உணர்ச்சி வேறு. சிறிய, மலிவான கருவி ஒன்றால் 1858இல் அதைச் செய்திருக்க முடியாது. கருவி எதுவானாலும் ஒன்றுதான் என்று பெருந்தன்மையோடு பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், 1857 எழுச்சிக்குப் பின் நலிந்திருந்த நிதிநிலையில் ஒளிப்படத்தை ஆடம்பரமாகக் கண்டார். பணி நிறுத்தப்பட்டது. அத்தகைய கேமராவை இயக்க ஓர் அரசு தேவைப்பட்டது. அரசு கைவிட்டதும் கேமரா நின்றுவிட்டது. ஒளிப்படத்தோடு 'ஆடம்பரம்' என்ற சொல் சென்னையில் அவ்வளவு முன்னதாகவே ஒட்டிக்கொண்டது.

ஆர்வலரின் கையில் நல்ல கருவி இருந்துவிட்டால் போதும் என்பதற்கும் சென்னை வரலாற்றில் ஒரு மறுப்பு உண்டு. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும்பஞ்சம் அழித்தபோது, வில்லோபி ஹூப்பர் என்ற படை அதிகாரி எலும்பும் தோலுமாய் நின்ற மனிதரை வரிசையாக அமரவைத்துப் படமெடுத்தார். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. அந்த மனிதருக்கு அவர் என்ன செய்தார் என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. ராயபுரத்தார் பஞ்சத்தை எளிதில் மறக்கக்கூடியவர்கள் அல்லர். அங்கே 1782இல் ஒரு பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள்.

படிநிலை உண்மையில் பிறந்தது அமெரிக்காவில். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும்; கழுவுவது, படி எடுப்பது, புதிய சுருள் இடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1900இல் வந்த பிரௌனியின் விலை ஒரே டாலர். குழந்தைகளை மனத்தில் வைத்து விற்கப்பட்ட அட்டைப்பெட்டி. இருட்டறை வேலையிலிருந்து ஆர்வலருக்கு விடுதலை கிடைத்தது. கூடவே, அறியாதவருக்கான கருவி இது, அறிந்தவருக்கான கருவி அது என்ற பிரிவும் நிலைத்தது. 'அமெச்சூர்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் காதலிப்பவர் என்பது. அது மெல்ல மெல்ல அரைகுறை என்று பொருள்பட்டது இக்காலத்துக்குப் பின்னர்தான் என்று கருத இடமுண்டு. நம் மொழி இவ்வகையில் கொடுத்துவைத்தது. ஆர்வலர் என்ற சொல் திருக்குறளில் அன்புடையார் என்ற பொருளில் வருகிறது. இன்றுவரை அந்தச் சொல்லில் இகழ்ச்சி ஏறவில்லை.

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த கேமரா அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. 120 வகைப் படச்சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயில், மேகம் என்ற அடையாளங்களைத் தவிரத் திருகுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. நம் தலைமுறையினர் பலரின் பெற்றோர் திருமணமான புதிதில் மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படங்கள் இதில் எடுத்தவையாக இருக்கலாம். கண்ணைச் சுருக்கியதற்குக் காரணம் கருவிதான். சூரியனைப் படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தவேண்டும் என்பது அக்காலத்துப் பாலபாடம். பன்னிரண்டே படங்கள் என்பதால் வீட்டில் அவற்றுக்கு ஒரு பங்கீடும் இருந்தது. தாத்தாவுக்கு ஒன்று, குழந்தைக்கு இரண்டு, கடைசி ஒன்று எதிர்பாராத விருந்தினருக்கு. ஒரு சுருளில் பொங்கலும் தீபாவளியும் அடுத்தடுத்து இருந்த வீடுகள் உண்டு.

அதற்கு மேலே ஏற விரும்பிய ஆர்வலருக்கு வழி அடைபட்டிருந்தது. வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு; கொண்டுவந்தால் கடும் சுங்கவரி. கேமராவில் போடும் சுருளுக்கு மட்டும் தமிழ்நாடே பதில் சொன்னது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனமான பொஷேயின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் வந்தன. தூசியற்ற, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் மலைமேல் கட்டப்பட்ட ஆலை. வண்ணப் படமும் பிறகு டிஜிட்டலும் வந்து அதை வீழ்த்தின. 1990களிலேயே நலிந்த தொழிலாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது. இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கருவிக்கான பதில் ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, துறைமுகத்தின் எதிரில் இருந்தது. பர்மாவில் 1960களில் வணிகம் நாட்டுடைமையானபோது எல்லாவற்றையும் இழந்து கப்பலில் வந்திறங்கிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜார் அமைந்தது. கப்பலில் வந்தவையும் கப்பற்பணியாளர் கொணர்ந்தவையும் அங்கே கைமாறின. வாசனைத் திரவியம், கடிகாரம், டேப் ரெக்கார்டர் ஆகியவற்றுக்கு நடுவில் ஜப்பானியக் கேமராக்களும் இருந்தன. ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. விற்பவர் முகத்தைப் பார்த்து வாங்கவேண்டும். அரசுக் கொள்கை ஆர்வலரைத் தொடக்கநிலையிலேயே நிறுத்திவைத்த காலத்தில், நாடிழந்து வந்தவர்களின் கடைவரிசை அவரை ஒரு படி மேலே தூக்கிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. சட்டப் புத்தகத்தின் பார்வை வேறாக இருக்கலாம்.

இக்காலத்தைப்பற்றி எழுதும் எவரும் மா. கிருஷ்ணனைத் தாண்டிச் செல்ல முடியாது. 1898இல் பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதலிய பல பணிகளைப் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையுமே நம்பி மயிலாப்பூரில் வாழ்ந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி அவர் மறையும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வந்தது. தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருப்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள்.

கிருஷ்ணனின் கேமரா எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாதது. ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் தொலைநோக்கு லென்ஸ், இடையில் பொருத்துவதற்கு வேறெதிலிருந்தோ கழற்றிய உறுப்புகள். எல்லாவற்றையும் தாமே பூட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த கானுயிர் ஒளிப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் போன்றவர்கள் அந்த விநோதக் கருவியைப்பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறெதிலும் எடுக்கவில்லை. முதுமலை, பந்திப்பூர், பெரியாறு காடுகளில் யானைகளின் அருகே அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். 1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்று, தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் கள ஆய்வு செய்தபோதும் அவருக்குத் துணை அதுவே. 1970இல் பத்மஸ்ரீ பெற்றவரின் கருவியைத் தொடக்கநிலை என்பதா, தொழில்முறை என்பதா? ஒட்டுவதற்கு நம்மிடம் சீட்டு இல்லை.

இதில் நம்மைக் கவர்வது அவருடைய எளிமை அன்று. எளிமையைப் போற்றிப் பேசுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. அதனால் உண்மை மறைந்துவிடும். கிருஷ்ணன் தமக்கு இன்னது வேண்டும் என்று துல்லியமாக அறிந்திருந்தார். காட்டின் நிழலில், அசையும் விலங்கை, அது கலவரமடையாத தூரத்திலிருந்து பதிவாக்க வேண்டும். அதற்குத் தக்க லென்ஸ் வேண்டும். பெரிய எதிர்ப்படம் வேண்டும். சந்தையில் அது முழுமையாகக் கிடைக்காததால் செய்துகொண்டார். தேவையைச் சொல்லத் தெரிந்தவருக்குப் படிநிலை பொருட்டாக இல்லை.

டிஜிட்டல் காலம் படிநிலையைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. 1999இல் நிக்கான் டி1 வந்தபோது அதன் 27 லட்சம் படப்புள்ளிகளுக்குப் பத்திரிகை நிறுவனங்களால்தான் விலை கொடுக்க முடிந்தது. 2003இல் கேனான் வெளியிட்ட 300டி, ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். 2004இல் நிக்கான் டி70 அதைத் தொடர்ந்தது. நம் நண்பர்களுள் பலர் முதல் கேமரா வாங்கியது இந்த அலையில்தான்.

அந்த 300டி பற்றிய ஒரு செய்தி இக்கட்டுரையின் மையத்துக்கு நெருக்கமானது. அதன் உள்ளே இருந்த 63 லட்சம் புள்ளி உணரி, அதைவிட விலை கூடிய 10டியில் இருந்த அதே உணரி. 10டியில் இருந்த சில வசதிகள் மட்டும் 300டியில் மென்பொருளால் முடக்கப்பட்டிருந்தன. விரைவில் இணையத்தில் ஒரு மாற்று மென்பொருள் உலவத் தொடங்கியது. அதை ஏற்றியதும் முடங்கிக் கிடந்தவற்றுள் பல விழித்துக்கொண்டன. வாங்கியவரின் கையிலேயே அந்த வசதி இருந்திருக்கிறது. பூட்டு மட்டும் போட்டிருந்தார்கள். 2006இல் வந்த நிக்கான் டி40இல் இன்னொரு விதம். லென்ஸைக் குவிக்கும் மோட்டார் கேமராவுக்குள் இல்லை. அதனால் பழைய தானியங்கி லென்ஸ்களைக் கையால் திருகித்தான் குவிக்க முடியும். பழைய லென்ஸை மலிவாக வாங்கக்கூடிய ஆர்வலருக்குத்தான் இந்த வெட்டு வலித்தது. வணிகத்தில் இது இயல்பு என்பார்கள். இயல்பாகவே இருக்கட்டும். தொடக்கநிலை என்ற நிலை ஓரளவு செய்து வைக்கப்பட்டது என்பதற்கு இவை சான்று.

பின்னர் கைப்பேசி வந்து அடிப்படியையே உருவிக்கொண்டது. நிக்கானின் தொடக்கநிலை வரிசையில் 2018இல் வந்த டி3500 கடைசி. 2022க்குள் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. கண்ணாடியற்ற கேமராக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நிறுவனங்களின் கவனம் விலையுயர்ந்த கருவிகளுக்குத் திரும்பியது. எந்தக் கேமரா என்று இன்று கேட்கும் மாணவருக்கு நேர்மையான விடை, பழைய தொடக்கநிலைக் கருவி ஒன்றை இரண்டாம் கைச் சந்தையில் தேடுவது என்றாகியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பர்மா பஜாரில் முகம் பார்த்து வாங்கியவர்களின் நிலைக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறோம்.

சரி, இரண்டு கருவிகளுக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. காசிமேட்டில் நின்று பார்த்தால் தெளிவாகவே தெரியும். ஞாயிறு விடியலில் மீன்பிடித் துறைமுகத்துக்கு வார இறுதிப் படக்குழுக்கள் வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. விசைப்படகுகள் கரையேறி, கூடைகள் இறங்கி, ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் சூரியன் இன்னும் எழுந்திருக்காது. சோடியம் விளக்கோ எல்.இ.டி. விளக்கோதான் ஒளி. ஆட்கள் ஓட்டமும் நடையுமாக இருப்பார்கள். தொடக்கநிலைக் கருவியோடு கிடைக்கும் 18-55 லென்ஸை நீட்டி வைத்தால் திறப்பு எஃப் 5.6க்கு மேல் விரியாது. படம் கலங்கும். புதியவர் உடனே கேமராவை நொந்துகொண்டு முழுச்சட்ட உணரி உள்ள கருவிக்கு ஏங்கத் தொடங்குவார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுச்சட்ட உணரியின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். தொடக்கநிலைக் கருவியின் உணரி ஏறத்தாழ 23.5க்கு 15.6. பரப்பில் முன்னது சுமார் இரண்டே கால் மடங்கு. இருட்டில் அவ்வளவு ஆதாயம் கிட்டும். அதே சிறிய கேமராவில் எஃப் 1.8 திறப்புள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டினால், எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி உள்ளே வரும். அது எல்லா நிறுவனங்களிலும் மலிவான லென்ஸ்களுள் ஒன்று. குவிமையத்தின் ஆழம் குறையும் என்பது உண்மை. கூடைக்காரப் பெண்ணின் கண் தெளிந்து காது மங்கலாம். காசிமேட்டு விடியலுக்கு அது பொறுக்கத்தக்க குறைதான்.

தொழில்முறைக் கருவியின் உண்மையான மேன்மை வேறிடத்தில் இருக்கிறது. இணைப்புகளில் ரப்பர் அடைப்புகள் இருப்பதால் உப்புக்காற்றையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். அதன் ஷட்டரை நான்கு லட்சம் முறைவரை சோதித்து அனுப்புகிறார்கள். தொடக்கநிலையில் இது ஒரு லட்சம். இரண்டு நினைவக அட்டைகளில் ஒரே சமயம் எழுதும். ராயபுரத்து மண்டபங்களில் திருமணப் படமெடுத்துப் பிழைக்கும் தோழருக்கு இவை அனைத்தும் இன்றியமையாதவை. தாலி கட்டும் நேரத்தில் அட்டை பழுதானால் மணமக்களை மறுமுறை கட்டச் சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் இருநூறு படம் எடுக்கும் ஆர்வலருக்கோ ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் ஆகும். ஒரு லட்சத்தை எட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். பிழைப்புக்கான காப்பீட்டை விருப்பத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினால் அதில் தவறொன்றும் இல்லை.

கருவியின் அருமையைவிட, படமெடுப்பவர் அவ்விடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது வடசென்னையின் செய்தியில் பெரிது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கலந்த எண்ணெய் கரை முழுதும் ஒதுங்கியது. இளைஞர்களும் பணியாளர்களும் வாளிகளால் அந்தக் கருங்குழம்பை அள்ளிய காட்சி உலகெங்கும் சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்களின் படங்கள் வந்தன. இத்தகைய நாள்களில் பெரிய லென்ஸ்கள் வந்து சேர்கின்றன. மற்ற நாள்களில் சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றில் இறால் தடவுகிறவரைப் பார்க்க அங்கே இருப்பவை பெரும்பாலும் அவ்வூர் மக்களின் கைப்பேசிகளே. விடியலில் காசிமேட்டுக்கு வரும் நம் போன்றோரின் படங்களில் மீனவர் நிழலுருவமாகவே திரும்பத் திரும்பத் தென்படுகிறார். பின்னால் செம்பிழம்பாய்ச் சூரியன். டிரைப்பின் மதுரையில் மக்கள் தெரியாமற் போனதற்குக் கருவியின் வேகக்குறைவு காரணமாயிருந்தது. இன்று அந்தச் சாக்கு நமக்கில்லை.

எம். பழனிக்குமார் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். அவருடைய முதல் கேமரா அந்தத் தாய் கடன்பட்டு வாங்கிக்கொடுத்தது. மலக்குழி மரணங்களைப்பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'பாரி' என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக்களரியில் பணியாற்றுபவர். 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றவர். அவர் தாம் எடுத்ததோடு நிற்கவில்லை. மீனவர், தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலும் வடசென்னை இளையோரின் கையிலும் கேமராவைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்கள் எடுத்த வடசென்னைப் படங்கள் நகரத்தின் நடுவே காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குக் கருவியின் படிநிலை தெரிந்திருக்குமோ என்னவோ, எந்தத் திண்ணையில் யார் அமர்வார்கள் என்பது தெரியும். அவர்கள் அம்மாவைப் படமெடுக்கும்போது அம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

கேட்கும் மாணவருக்கு நாம் சொல்வது இவ்வளவே. இரண்டாம் கையில் ஒரு சிறிய கேமரா, எஃப் 1.8 திறப்புள்ள ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். மிச்சமாகும் பணத்தில் எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு, படத்தில் இருப்பவரிடமே ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அடுத்த ஞாயிறும் அதே தெருவுக்குப் போகவேண்டும். ராயபுரத்துக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு; லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுப்பது கடினம். வீடு திரும்பியதும் கருவியைத் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுவது நல்லது.